முப்பத்தெட்டு

தண்டர் பே. ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
சட்டையில் பெர்னிஸ் என்று என் பெயர் தைத்திருக்கிறது.
இருந்தும் கதவு திறப்பவர்கள்
என் தோளுக்குப் பின்னால்
கேஸ்காரனைத் தேடுவார்கள்.
கைசா தேடவில்லை.
நெற்றியை விரலால் அழுத்தியபடி
வழிவிட்டாள்.

கணப்பு எரிந்துகொண்டிருந்தது.
அடுப்பில் மஞ்சள் தீ என்றால் கோளாறு.
இங்கே மஞ்சளுக்குத்தான் காசு.
பீங்கான் கட்டையை விறகென்று நம்பவைக்கப்
பழக்கிய தீ.
அதனால் நான் நிறத்தைப் பார்ப்பதில்லை,
நடையைப் பார்ப்பேன்.
அடியில் நீலம் ஊன்றி நிற்கிறதா,
நுனி எங்கே போய் முடிகிறது.

இது ஊன்றவில்லை.
தூக்கத்தில் நடப்பவன் போல
பர்னரை விட்டு எழுந்தது,
கண்ணாடியைத் தடவியது,
வந்த காரியம் மறந்து திரும்பியது.
மேல்மூலையில் கட்டைவிரல் அகலம் கரி.

மீட்டரை எடுத்தேன். முப்பத்தெட்டு.

"எத்தனை நாளாய்த் தலைவலி?"
"நவம்பரிலிருந்து. அது வேறு விஷயம்" என்றாள்.
சோபாவில் ஒரு தலையணை,
மடிக்காத கம்பளி.
வேறு விஷயம் அங்கேதான் படுத்திருக்கிறது,
கணப்புக்கு நாலடி தள்ளி.
காலையில் எழுந்தால் டுவெய்னுக்குக் குமட்டுமாம்,
எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவானாம்.
விழுந்ததற்காக மறுபடி சோபா.

வாயுவை மூடினேன். சன்னல்களைத் திறந்தேன்.
அவளைக் கோட்டோடு என் வேனில் உட்காரவைத்து
வீட்டைச் சுற்றி வந்தேன்.

பக்கச்சுவரில் புகைவாய்
கழுத்துவரை பனியில்.
வானம் கொட்டிய பனி இல்லை. மண்வெட்டித் தடம் இருந்தது.
தினம் விடியுமுன்
அவள் கார் எடுக்க வழி வேண்டுமென்று
பேசாமல் எழுந்து, பேசாமல் வாரி,
அவன் ஒதுக்கிய பனி.

உள்ளே கண்ணாடியைச் சுற்றிய கேஸ்கெட் கிழிந்திருந்தது.
நாலு கொக்கியில் இரண்டுதான் மாட்டியிருந்தது.
சுவரில் கார்பன் மோனாக்சைடு அலாரம்,
வயிறு காலியாக.
அதன் பேட்டரி டிவி ரிமோட்டில் இருந்தது.

கொக்கி நாலும் மாட்டி, வாயைத் தோண்டிவிட்டு,
மறுபடி பற்றவைத்தபோது மணி நாலு.
கால்மணி நேரம் முழங்காலிட்டுப் பார்த்தேன்.
நீலம் ஊன்றியது. மஞ்சள் தன்பாட்டுக்கு ஆடியது.
மீட்டரில் சைபர். இன்னொரு முறை. சைபர்.

டுவெய்ன் பூட்ஸோடு வாசலில் நின்றான்.
இருவரும் இன்றே இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள் என்றேன்.
தலையாட்டினான். பிறகு மெதுவாக,
"அப்படியென்றால்... நாங்கள் போட்ட சண்டையெல்லாம்?"

கைசா என்னைப் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்த்தாள்.
"இது வாயுவை மட்டும்தான் அளக்கும்" என்றேன்.

பில்லில் எழுதினேன்:
கேஸ்கெட் ஒன்று. பேட்டரி இரண்டு.
பனி தோண்டியதற்கு
எதுவும் போடவில்லை.