ஒன்பதாவது சீட்டு

கானாடுகாத்தானில் நாள் வாடகைக்கு விடும் வீடு ஒன்றில்
ஒன்பது விமர்சகர்கள் கூடியிருந்தோம்,
அந்த ஆண்டின் சிறந்த படத்தைத் தீர்மானிக்க.
நூற்று எண்பத்தேழு படங்கள்.
அத்தனையும் பார்த்தவர் யாருமில்லை.
அத்தனையும் பார்த்ததாகக் கையெழுத்திட்டிருந்தோம்
ஒன்பது பேரும்.

வீட்டுக்கு எங்களைத் தெரியாது.
எங்களுக்கு வீட்டைத் தெரியும்:
இரண்டாங்கட்டில் ஒரு கல்யாணம் நின்றிருக்கிறது,
இந்தத் தூணில் சாய்ந்து ஒரு ஜமீன்தார் செத்திருக்கிறார்,
மாடிப்படியில் பேய் இறங்கி வந்தது
போன வருடம் மட்டும் இரண்டு முறை.
அழுக்காய்த் தெரிகிறதென்று நான் எழுதிய சுவர்
நேரில் பளபளத்தது.
முட்டை வெள்ளைக்கரு, என்றார் ஹாஜா மைதீன்,
எல்லாரும் சொல்வதை எல்லாரையும் போலவே.

காலையில் பாட்டு, சண்டை, ஒப்பனை முடிந்தன.
துணை நடிகையில் இழுபறி.
பிரிட்டோ ஒருமுறை கத்தினார்,
வெள்ளைப் பணியாரம் வந்ததும் விட்டுக்கொடுத்தார்.
விருதுகளில் பசிக்கு உள்ள பங்கைப் பற்றி
யாராவது எழுதலாம்.

மூன்று மணிக்குச் சிறந்த படம்.
மிஞ்சியவை இரண்டு:
'இரும்புப் பருவம்', 'உப்பளத்துத் தபால்'.
மை ஊற்றும் பேனாதான் வேண்டும் என்பார்
தலைவர் திருவேங்கடநாதன்.
ஆளுக்கொரு சீட்டு, மடித்து
எவர்சில்வர் சம்படத்தில் போட்டோம்.

உப்பளத்துத் தபாலுக்கு
மார்ச் மாதம் நான் கொடுத்தது ஐந்துக்கு இரண்டு.
'நகராத படம்' என்று தலைப்பு.
அதில் ஒருத்தி, கால் வெடிப்பில் உப்பேற,
வரப்பில் நின்று
வந்த கடிதத்தைப் பிரிக்காமல் இடுப்பில் செருகிக்கொள்வாள்.
பிரிக்கவே மாட்டாள். படம் முடிந்துவிடும்.
கட்டுரை அச்சான வாரம்
மின்கட்டண வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள்,
அந்த இடுப்போடு.
அப்புறம் டிசம்பர் வரை நின்றாள்.

யாரிடமும் சொல்லவில்லை.
சீட்டில் எழுதினேன்.

எண்ணத் தொடங்கும்போது மழை,
மார்கழியில் யாரும் கேட்காத மழை.
காற்றில் ஒரு சீட்டு கிளம்பி
திறந்த முற்றத்தில் போய் விழுந்தது.
பிரிட்டோ வேட்டியை மடித்துக் கட்டி ஓடி
எடுத்துவந்தபோது
நீலம் சொட்டிற்று, எழுத்தில்லை.

மீதி எட்டைப் பிரித்தார்கள்.
நாலு, நாலு.

"யாரோடது? சொன்னால் போதும்,
இன்னொரு தடவை எதுக்கு," என்றார் தலைவர்.
என் பக்கத்தில் நஸ்ரின்.
என் கட்டுரையிலிருந்தே வரிகளை எடுத்து
அன்று காலை அந்தப் படத்தை அடித்தவள்.
எல்லாரும் எல்லாரையும் பார்த்தோம்.
நானும் பார்த்தேன்,
யாருடையதாக இருக்கும் என்கிற முகத்தோடு.
நன்றாகவே நடித்தேன்.
எத்தனையோ பேர் நடித்த வீடு.

மறுபடி சீட்டு.
அதே பெயரை எழுதினேன், அழுத்தி.
ஐந்து, நாலு.
'இரும்புப் பருவம்'.

அப்படியானால் என்னைத் தவிர்த்த நால்வரில்
ஒருவர் அந்தப் பத்து நிமிடத்தில் மாறியிருக்கிறார்.
கேட்டும் யாரும் வாய் திறக்காத படத்துக்கு
நாம் ஏன், என்று நினைத்தாரோ.
இரவு இலையில் ஒவ்வொரு கையாகப் பார்த்தேன்.
திருவேங்கடநாதன் ரசத்தை வேண்டாமென்றார்.
ஹாஜா மைதீன் வழக்கம்போல் இருந்தார்.
நஸ்ரின்
வெகுநேரம் கை கழுவினாள்.

காலையில் வைரவன் தரை துடைத்துக்கொண்டிருந்தான்.
மேசையடியில், ஆத்தங்குடிக் கல்லில்
நீலமாக ஒரு திட்டு.
"மை போயிரும்மா. மஞ்சள்தான் போகாது.
அங்க பாருங்க, ஒரு தாலிகட்டு சீன் எடுத்தாங்க,
ஆறு மாசமாச் சுரண்டுறேன்."
பிழிந்தான். இன்னொரு தடவை தேய்த்தான்.
"எந்தப் படம்மா ஜெயிச்சுச்சு?"
சொன்னேன்.
"இங்க எடுத்ததா?"
இல்லை.
"தோத்தது?"
அதுவும் இல்லை.
அப்படியா என்று
வாளியைத் தூக்கிக்கொண்டு
அடுத்த கட்டுக்குப் போனான்.