நான்கு மெய்

ஹைஃபா. மறுவாழ்வு மருத்துவமனை, ஐந்தாம் மாடி.
ஜன்னலில் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள்.
ஸெகர்யா தமாரிக்கு எழுபத்தொன்று.
தோலில் இறகால் வேதம் எழுதிய கை
இப்போது மடியில் கிடக்கிறது,
யாரோ மறந்து வைத்துப்போன கையுறை மாதிரி.

பேச்சும் போய்விட்டது.
அதற்குத்தான் நான்.

என் பாடம் எப்போதும் மூச்சில் தொடங்கும்.
நாக்கு முட்டாத எளிய ஒலிகள்:
யா. ஹா. வா.
"என்னோடு சொல்லுங்கள், யா... ஹா..."
வாயை இறுக மூடிக்கொண்டார்.
'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினேன்.
மூன்று நாள் அதையே எழுதினேன்.

நான்காம் நாள் மகள் பத்யா
என்னை நடைவழிக்கு இழுத்துப்போனாள்.
"எந்த எழுத்துகளைச் சேர்த்துக் கேட்கிறாய், தெரிகிறதா?
அப்பா அந்தப் பெயரை எழுதப்போகும் நாளெல்லாம்
முழுகிவிட்டு வருகிறவர்.
எழுத்துக்கூட்டும்போதுகூட நாங்கள்
ஹே என்பதைக் கே என்றுதான் சொல்வோம்."

தெரியாது. சனிக்கிழமை கடலுக்குப் போகிறவள் நான்.
அன்றிரவு மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
எழுதிப் பார்த்தேன்:
நான்கும் மெய். உயிர் ஒன்றுகூட இல்லை.
எந்த உயிர் என்று அறிந்தவர்கள்
ஆலயம் எரிந்தபோது வாயோடு கொண்டுபோய்விட்டார்கள்.
வந்தவர் எல்லாரும் தங்கள் உயிரைப் போட்டு
நிரப்பிப் பார்க்கிறார்கள்.

அவரைப் பார்த்துக்கொள்பவள் லுஸ்விமிண்டா,
பிலிப்பைன்ஸின் இலோய்லோக்காரி.
அவள் சபையில் அந்தப் பெயரைக் கைதட்டிப் பாடுவார்களாம்.
அவருக்குச் சவரம் செய்யும்போதும் பாடுவாள்,
முழுதாக, உயிர் இரண்டும் போட்டு.

பத்யா பொறுத்துப் பொறுத்து ஒருநாள் வெடித்தாள்:
"உன் அப்பாவைப் பெயர் சொல்லியா கூப்பிடுவாய்?"
லுஸ் கத்தியைக் கழுவினாள்.
"நான் தண்ணீரில் விழுந்தால் கூப்பிடுவேன்.
படகுத்துறையில் எத்தனையோ அப்பாக்கள்.
பெயர் சொன்னால்தானே என்னுடையவர் திரும்புவார்?"
நுரையைத் துடைத்துவிட்டு,
"உன் பெயரின் வாலிலும் அவர் பெயரின் வாலிலும்
அதில் பாதி இருக்கிறதே, அதை மட்டும் எப்படி?"

பத்யா வாயடைத்துப்போனாள் என்று எழுத ஆசை.
இல்லை. நெடுநேரம் பேசினாள்,
எனக்குப் பாதி புரியவில்லை.
கடைசியில் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது:
"கைமாறும் நாணயத்தில் முகம் தேயும். அதற்குத்தான்."

பிறகு ஒரு புதன்கிழமை, விடியுமுன்,
அவர் தூக்கத்தில் ஏதோ சொன்னார்.
லுஸ் கைப்பேசியில் பதிந்துவிட்டாள். ஏழு விநாடி.

பெயரேதான் என்றாள் லுஸ், அழுதபடி.
குறட்டை என்றாள் பத்யா, வெளிறிப்போய்.
"அழித்துவிடு."
லுஸின் விரல் குப்பைத்தொட்டிப் படத்தருகே போய் நின்றது.
அந்த மணிக்கட்டைப் பிடித்திருந்ததும் பத்யாதான்.

எழுதிய பெயரை அழிக்கலாகாது.
கிழிந்த ஏட்டையும் பிணம்போல் புதைக்கிறவர்கள்.
ஒலிக்கு அந்தச் சட்டம் உண்டா, அவளுக்கே தெரியவில்லை.
குறட்டை என்றால் அழிக்கலாம்.
அழிக்காமல் விட்டால், குறட்டை இல்லை என்றாகிவிடும்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
ஒலிக்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்தானே.
நாலு முறை கேட்டேன்.
காற்று. காற்றின் நடுவே ஒரு வளைவு.
அதற்குமேல் சத்தியம் செய்ய முடியாது.

அப்போதுதான் அவர் விழித்திருப்பது தெரிந்தது.
இடக்கையை நீட்டினார்.
லுஸ் அதைக் காதருகே பிடித்தாள்.
ஏழு விநாடி.
மறுபடி, என்றது விரல்.
மறுபடி.

முகத்தின் பாதி சிரித்தது.
மற்ற பாதிக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

காலைக் கஞ்சியில் உப்பில்லை என்று
கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.
பதிவேட்டில் எழுதினேன்:
'சிரிப்பு, இடப்பக்கம் மட்டும்.
நாளை முதல் ம, ப, ல.'