ஏழு மாதத்துக்கு ஒரு கார்

ஏழு மாதம் ஓடினால் போதும்.
ஏப்ரலில் வாங்கி, அக்டோபரில் விற்றுவிட வேண்டும்.
இதைச் சொன்னதும்
ருஸ்தாவி சந்தைக்காரர்கள் முழிக்கிறார்கள்.
காலம் முழுக்க ஓடுமா என்று கேட்பவனுக்குச் சொல்ல
கைவசம் பொய் இருக்கிறது.
ஏழு மாதம் என்பவனுக்கு
எதை எடுத்து நீட்டுவது என்று தெரியாமல்
சூரியகாந்தி விதைத் தோலைத் துப்புகிறார்கள்.

முதலில் பார்த்தது ஓப்பல், சாம்பல் நிறம்.
ஜெர்மனியில் ஒரு பல் மருத்துவர் ஓட்டியதாம்.
சந்தையில் இருக்கும் எல்லா ஓப்பலையும்
பல் மருத்துவர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள்.
டிக்கியில் பாதி கேஸ் சிலிண்டருக்குப் போய்விட்டது;
எங்கள் விளக்குகளையும் குடைகளையும்
மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.
முன் பம்பர் இல்லை.
"யாரை முட்டப் போகிறீர்கள், பம்பர் கேட்கிறீர்கள்?"
என்றான் கோச்சா.
ஸ்டியரிங் இடப்பக்கம், ஊருக்கு ஒத்தபடி.
எட்டாயிரத்து இருநூறு லரி.

அடுத்தது ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த ஹோண்டா.
ஸ்டியரிங் வலப்பக்கம்.
எல்லாரும் வலப்புறம் போகும் நாட்டில்
ஓட்டுபவனுக்குக் கிடைப்பது
ஓரத்துப் புல்லும் மைல்கல்லும்தான்.
சாவியைத் திருகினால்
ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்கிறது.
எட்டு வருஷமாக வைத்திருக்கும் ஒமாரிக்கும் அது புரிந்ததில்லை.
"வணக்கம்தான், வேறென்ன" என்றான்.
எனக்கென்னவோ
அடுப்பை அணைத்தாயா என்று கேட்பது போலிருந்தது.
ஆறாயிரத்து நானூறு.

உறையின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
கேஸ் மலிவு. ஓப்பலை அக்டோபரில் தள்ளிவிடுவது சுலபம்.
ஹோண்டாவைக் கேட்டு யார் வருவார்?
முப்பத்தொரு கல்யாணங்கள் பேசி வைத்திருக்கிறோம்,
தெலாவி, சாச்கேரே, ஒன்று பத்தூமியில்.
அவள் படம் எடுப்பாள், நான் விளக்குப் பிடிப்பேன்.
கடைசி மணப்பெண் கேக் வெட்டி நாலாம் நாள்
சியாலா பாரி நகரத்துக்குப் போகிறாள்,
யாரோ ஒருவரின் தாயைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு,
மாதம் ஆயிரம் யூரோ அனுப்ப.
மூன்று வருஷம் என்கிறார்கள்.
போனவர்கள் எல்லாரும் மூன்று என்றுதான் சொன்னார்கள்.

அவள் உறையைப் பார்க்கவில்லை.
டயரை உதைத்துப் பார்க்கவும் இல்லை.
ஹோண்டாவின் இடப்பக்கக் கதவைத் திறந்து
உட்கார்ந்து, இருக்கையை முன்னுக்கு இழுத்தாள்.
"ஓட்டித்தான் பாரேன்."

நெடுஞ்சாலையில் முன்னால் ஒரு சிமென்ட் டேங்கர்.
அதன் முதுகைத் தவிர எனக்கு உலகமே இல்லை.
அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்,
முடியெல்லாம் வெள்ளைத் தூசி.
"பொறு."
"பொறு, ஒரு மினிபஸ். அதுக்குப் பின்னால் பசு."
"பசு போகட்டும்."
"இப்போ!"
மிதித்தேன்.
பதினோரு வருஷக் குடித்தனத்தில்
அவள் சொல் காதில் விழுந்த கணமே
என் கால் அசைந்தது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்து பணத்தை எண்ணும்போது
ஒமாரி மெல்லக் கேட்டான்:
"தனியாக இதில் முந்த முடியாது, தெரியுமில்லையா?"
தெரியும் என்றேன்.
அதற்குள் ஓடி வந்த கோச்சா, பாவம்,
முந்நூறு குறைக்கிறேன் என்றான்,
பம்பர் வீட்டில்தான் கிடக்கிறது, மாட்டித் தருகிறேன் என்றான்.

வீடு திரும்பும் வழியில்
வைக்கோல் ஏற்றிய வண்டி ஒன்று, நடை வேகத்தில்.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.
சியாலா ஜன்னலோரம் எட்டிப் பார்த்தபடி
"பொறு" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "பொறு."
சேவலை மடியில் வைத்திருந்த சைக்கிள்காரர் ஒருவர்
எங்களைத் தாண்டிப் போனார்.
எதிரே ஏதாவது வந்துகொண்டிருந்ததா,
எனக்குத் தெரியாது.
நான் பொறுத்தேன்.