இருக்கை: சிங்கப்பூர்

ஒப்பந்தத்தின் பத்தொன்பதாம் பிரிவு சொல்கிறது:
நடுவர் மன்றத்தின் இருக்கை சிங்கப்பூர்.
மெற்றில்டா இருப்பது குருநகரில்,
ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில்
ஒரு கால் வளைந்த பிளாஸ்ரிக் கதிரையில்.
அருகே நான்,
சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர்,
மணிக்கு நாலாயிரம் ரூபா.

இருக்கை என்றால் இருக்கிற இடமில்லை,
எந்த நாட்டுச் சட்டம் இந்தப் பிணக்கைத்
தாங்கி நிற்கிறதோ அந்த இடம்
என்று விளங்கப்படுத்தினேன்.
"அப்ப பாஸ்போட் இல்லாமலே
போய்ச் சேர்ந்திட்டன்" என்றா,
நண்டுக் கணக்குக் கொப்பியைத் திறந்தபடி.

லண்டனில் இன்னும் விடியவில்லை.
தலைமை நடுவர் மேசை விளக்கோடு வந்தா.
ஒளிந்து நின்று சாட்சிக்கு எவரும் சொல்லிக்கொடுக்கக் கூடாதாம்,
அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னா.
மடிக்கணினியைத் தூக்கித் திருப்பினேன்:
தராசு. றப்பர் சப்பாத்து. செதில் காய்ந்த தரை.
"சுவரில் இருப்பவர் யார்?"
மாதா என்றேன்.
பதிவில் ஏறியது.

வழக்கு இவ்வளவுதான்:
பதினொரு தொன் நண்டுச் சதை
கொழும்புத் துறைமுகத்தில் நாலு நாள் மறிபட்டது.
சைபருக்குக் கீழே பதினெட்டில் இருந்த குளிர்
ஆறு வரைக்கும் இளகியது.
பெட்டிக்குள் இருந்த சின்னக் கருவி
மணிக்கு மணி எழுதி வைத்திருக்கிறது, பொய் தெரியாத பிள்ளை.
கப்பல் ஏறமுதல் இளகினால் யாருடைய நட்டம்?
தாமதத்தை ஏழு நாளுக்குள்
எழுத்தில் அறிவித்தாரா?

"போனிலை சொன்னனான்.
சொல்லெண்டாச் சொல்தானே."

இதை எப்படி ஆங்கிலத்தில் வைப்பது என்று
நான் வாயைத் திறக்கமுன்,
திரையின் கீழ்மூலைப் பெட்டியில்
வாங்குபவரின் மேலாளர்,
ஜொகூர்க்காரர், குணசீலன்,
தலையைக் குனிந்தார்.

அரை வினாடி.
அதற்குப் பிறகுதான் என் மொழிபெயர்ப்பு வந்தது.
பதிவில் அது மட்டும்தான் இருக்கிறது.

இடைவேளையில் கேட்டா:
"தேசவழமையிலை இதுக்கு ஒண்டும் இல்லையோ?"
காணி விற்றால் முதலில் பங்காளிக்குச் சொல்ல வேண்டும்,
அது இருக்கிறது.
நண்டு இல்லை.

பின்னேரம் சட்டத்தரணிகள் சமரசம் என்றார்கள்.
நூற்றுக்கு அறுபத்திரண்டு.
"அவன் கடையைப் பூட்டிக்கொண்டு வேறை நாட்டுக்கு ஓடினால்?"
புது உடன்படிக்கை ஒன்று இருக்கிறது, கொழும்பும் சேர்ந்திருக்கிறது,
அதில் சேர்ந்த நாடு என்றால்
இந்தக் கடதாசி அங்கேயும் செல்லும் என்றேன்.
"கடதாசிக்கு விசா வேண்டாம்" என்றா.
சிரிக்கவில்லை.
மிச்சம் முப்பத்தெட்டை
கொப்பியின் ஓரத்தில் பெருக்கிப் பார்த்து
வெட்டினா.

எல்லோரும் போனபின்
ஒரு பெட்டி அணையாமல் இருந்தது.
"அக்கா, இப்ப நண்டு எப்படிப் படுது?"
அவ என்னைப் பார்த்தா.
"இதுக்கும் காசு கணக்கிலை ஏறுமோ?"
பிறகு திரையைப் பார்த்து,
"காத்து மாறினாத்தான்" என்றா.

கையெழுத்து விரலால்.
நண்டு வெட்டித் தழும்பேறிய விரலைப்
போன் இரண்டு தரம் ஏற்கவில்லை.
மூன்றாம் தரம் ஒரு கோடு விழுந்தது,
அவவின் பேர் மாதிரி இல்லை.

இடம் என்ற கட்டத்தில்
சிங்கப்பூர் என்று முன்பே அச்சாகி இருந்தது.
சத்தியம் செய்தவள் என்பதால்
அதையும் வாசித்துக் காட்டினேன்.

"இருக்கட்டும்," என்று
கதிரையை விட்டு எழும்பினா.
வாசலில் ஐஸ் லொறி
கோன் அடித்துக்கொண்டு நின்றது.