ஏழாம் சென்சார்

கழனிவாசல் தாண்டி ஒரு தகரக் கூரை ஷெட்.
மே மாதம். வெளியே நாற்பத்தொரு டிகிரி.
உள்ளே, மூன்றடி உருளைக்குள்
மைனஸ் நூற்றைம்பது வேண்டும்,
நான்கு மணி நேரம், ஒரு டிகிரி பிசகாமல்.
வேண்டுகிறவர் பெங்களூரில் இருக்கிறார்.
அவருடைய பேட்டரிப் பெட்டி
பூமியின் நிழலில் எங்கோ சுற்றப் போகிறது.

திரவ நைட்ரஜனில்
முதல் முப்பது லிட்டர் குழாய்க்கே போய்விடும்.
சூடான குழாய் அதைக் குடிக்காது,
சீறிச் சீறி ஆவியாய்த் துப்பும்.
அது அடங்கிய பிறகுதான்
பிள்ளை உறங்கிய வீட்டில் நடப்பதுபோல்
திரவம் மெல்ல உள்ளே இறங்கும்.
கணக்கில் இதை எழுத மறந்தேன்.
போன வாரம் சோதனை பாதியில் தீர்ந்துபோனது.
அதன் பிறகு இரண்டு நாள்
உமையாள் என்னிடம் எண்களை மட்டுமே பேசினாள்.

பன்னிரண்டு சென்சார்கள்.
பதினொன்று ஒரே பஸ்ஸில் ஏறியவைபோல்
சேர்ந்தே இறங்கின.
ஏழாவது மட்டும்
மைனஸ் நூற்றுப் பதினெட்டில் நின்றுகொண்டது.

பொய் சொல்கிறது என்றேன்.
மாற்றினோம். புதியதும் அதையே சொன்னது.
கம்பியை மாற்றினோம். மீட்டரை மாற்றினோம்.
மூன்றாம் இரவு
சராசரி எடுத்துவிடலாமே என்றேன்.
உமையாள் நோட்டிலிருந்து நிமிரவில்லை.
"சராசரியிலயா சார் பேட்டரி சாகும்?"

அப்போதுதான் கரண்ட் போனது.
புகைபோக்கி விசிறி நின்றது,
ஆக்சிஜன் அலாரம் கத்தியது,
மூவரும் வெளியே ஓடினோம்.
கதவின் கீழிருந்து வெண்மூட்டம்
செம்மண்ணில் கணுக்கால் உயரத்துக்குத் தவழ்ந்தது.
ஒரு நாய் மோந்து பார்த்துப் பின்வாங்கியது.
ஜபருல்லா பிளாஸ்க்கைத் திறந்தார்.
இரவு எட்டு மணித் தேநீர், இன்னும் நாக்கைச் சுட்டது.
எங்கள் கலனும் இதே வித்தைதான்:
இரண்டு சுவர், நடுவில் ஒன்றுமில்லாமை.

உடனே திறக்கவும் முடியாது.
திறந்தால் காரைக்குடிக் காற்றே
உள்ளே பனியாய் ஏறிவிடும்.
ஒன்பது மணி நேரம் காத்திருந்து திறந்தால்
ஏழாம் இடத்துப் போல்ட்
ஒரு பாவமும் அறியாததுபோல் இறுகியிருந்தது.

ஜபருல்லா அதைத் தாங்கியோடு கழற்றி,
தொண்டி மீன் வந்த தெர்மகோல் பெட்டியில் வைத்து
நைட்ரஜனை ஊற்றினார்.
கொதித்தது. கொதித்து ஓய்ந்தது.
இடுக்கியால் போல்ட்டைத் தொட்டார்.
விரல் மோதிரம்போல் சுற்றியது.

அலுமினியம் அதிகம் சுருங்குகிறது,
எஃகு அவ்வளவு சுருங்குவதில்லை.
குளிரில் கை நழுவும்,
சூட்டுக்குத் திரும்பினால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.
மற்ற பதினோரு இடத்திலும் ஸ்பிரிங் வாஷர் இருந்தது.
வரைபடத்தை விரித்தாள் உமையாள்.
ஏழாம் இடத்தில் இல்லை.
கீழே என் கையெழுத்து.

வாஷர் நான்கு ரூபாய்.

இன்று ஏழாவதும் இறங்கியது,
எல்லோருக்கும் கடைசியாக,
மைனஸ் நூற்று நாற்பத்தொன்பது புள்ளி ஆறு.
நான்கு மணி நேரம் அசையவில்லை.
நோட்டில் உமையாள் அதைத் தனி வரியில் எழுதினாள்.

பெங்களூரிலிருந்து போன்:
"மைனஸ் நூற்றெண்பது முடியுமா?"
உமையாள் என்னைப் பார்த்தாள்.
நான் வாஷர் டப்பாவைக் கவிழ்த்து
எண்ணத் தொடங்கினேன்.