நிழல் ஆகாது

வுப்பர்டாலில்
ரயில் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டு போகும் தெருவில்
என் ஸ்டூடியோ.
நாலு நிமிடத்துக்கொரு தரம் சுவர் உறுமும்,
விளக்குத்தாங்கி லேசாகச் சிலிர்க்கும்.
இரண்டு ரயில்களுக்கு நடுவில்
படம் எடுக்கப் பழகிவிட்டேன்.

வியாழன் மதியம்
ஒரே முகம் இரண்டு தடவை உள்ளே வந்தது.
ரோஸ்வித்தா, கெர்லிண்டே. எழுபத்தொரு வயது.
ஒரே மழைக்கோட்டு, நிறம் மட்டும் வேறு.
அடையாள அட்டைக்குப் படம் கொடுத்தார்களாம்.
"இந்த முகம் ஏற்கெனவே இருக்கிறது" என்று
இரண்டாமவளைத் திருப்பி அனுப்பிவிட்டதாம் கணினி.
யார் இரண்டாமவள் என்பதில்
என் கடை வாசலிலேயே சண்டை.

அட்டைப் படத்துக்கு நிழல் ஆகாது.
இருபுறமும் சரிசமமாய் வெளிச்சம்,
மூக்குக்குக்கூட ஒரு கீற்று மிச்சம் வைக்கக் கூடாது.
கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி முகம்.
மறுபடி எடுத்தேன்.
மறுபடியும் ஒரே ஆள்.

"அது கிடக்கட்டும்," என்றாள் கெர்லிண்டே,
"எங்களுக்கென்று ஒன்று எடு."

நிரப்பு விளக்குகளை அணைத்தேன்.
மிஞ்சிய ஒன்றைப் பக்கவாட்டில் உயர்த்தி
நாற்பத்தைந்து பாகையில் சாய்க்க,
ரோஸ்வித்தாவின் இருண்ட கன்னத்தில்
கண்ணுக்குக் கீழே ஒரு முக்கோணம் விழுந்தது,
கிழிந்த தபால்தலை அளவுக்கு.
அதன் ஓரத்தில்
இதுவரை இல்லாத ஒரு தழும்பு எழுந்து வந்தது.
"சைக்கிள்," என்றாள். "தள்ளிவிட்டது இவள்."

கெர்லிண்டேக்கு விளக்கை நெற்றிக்கு நேர்மேலே ஏற்றினேன்.
மூக்கடியில் சின்னப் பட்டாம்பூச்சி நிழல்.
அந்தக் காலத்து நடிகைகளுக்கு வைத்த வெளிச்சம் என்றதும்
கழுத்து நீண்டது,
கன்ன எலும்பு எங்கிருந்தோ வந்தது.
"எனக்கு ஏன் அது வைக்கவில்லை?"
என்றாள் இருட்டிலிருந்து மற்றவள்.

கடைசியில் சேர்த்து உட்கார வைத்தேன்.
விளக்குப் பக்கம் ரோஸ்வித்தா,
பதினோரு நிமிடம் மூத்தவள்.
அவள் தலையின் நிழல்
தங்கையின் பாதி முகத்தில் போய் உட்கார்ந்தது.
சற்று முன்னால் நகருங்கள், என்றேன்.
"இருக்கட்டும்," என்றாள் கெர்லிண்டே.
"பழகினதுதான்."

ரயில் போனது.
நான்கு கண்களில், வெளிச்சம் பட்ட மூன்றில்
வெண்புள்ளி நடுங்கியது.
அடங்கும்வரை காத்திருக்கவில்லை,
அழுத்திவிட்டேன்.

காசு கொடுத்து, படத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
மழையில் இறங்கிப் போனார்கள்.
அட்டைப் படங்கள் இரண்டும் மேசையிலேயே.
பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன்.
பெயர் எழுத மறந்திருக்கிறேன்.