பாவ்

பம்பாய்க்கு வந்த புதிதில் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.
கடைசி எழுத்து உதிர்ந்த பாவம்,
டஜன் கணக்கில் விற்கிறார்களே என்று.
அப்போது பாவம் எனக்குக்
கல்பலகையில் எழுதி முடித்த சங்கதி.
கொலை இல்லை, களவு இல்லை,
ஞாயிறு தவறுவதில்லை.

தாராவி அறுபதடி ரோட்டுக்குப் பின்னால்
என் பெல்ட் பட்டறை.
நாலு மிஷின், ஆறு பையன்கள்.
தோலும் பசையும் கலந்த வாடை
கோயிலுக்குப் போடும் சட்டையிலும் விடாது.
சுடலைமுத்துவை நான்தான் கூட்டிவந்தேன்,
நாங்குநேரியிலிருந்து, பத்தொன்பது வயதில்.

அந்தப் புதன்கிழமை அச்சு இறங்கியபோது
அவன் வலது கை உள்ளே இருந்தது.
விரல் இரண்டும் வெட்டிய துண்டுகளோடு கிடந்தன.
எது எதென்று பிரிக்க நேரமாயிற்று.

சயான் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதியவர் கேட்டார்,
உங்க ஆளா?
ரோட்டில் கிடந்தான், தூக்கிவந்தேன் என்றேன்.
போலீஸ்காரர் கேட்டார்.
முகமே தெரியாது என்றேன்.
ராத்திரி ஊரிலிருந்து அவன் அம்மா, போனில்.
எம் மவன் ஒங்க கிட்டதானய்யா இருக்கான்?
போன மாசமே நின்னுட்டானே என்றேன்.

சேவல் எதுவும் கூவவில்லை.
விடிகாலையில் பிராய்லர் லாரி வந்து நின்றது,
கூண்டு கூண்டாய்,
சத்தமே இல்லாமல்.

பதினொரு வருஷம்.
பட்டறை வளர்ந்தது, அதுதான் கொடுமை.
பாவ அறிக்கையை மட்டும் உரக்கச் சொல்வேன்.
சபையே சேர்ந்து சொல்லும்போது
ஒருவன் குரல் தனியாகத் தெரியாது.
திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்தால்
கடைசி பெஞ்சில் குனிந்து செருப்பைத் தேடுவேன்.
ரூபவதி கேட்பாள், வரலையா?
திராட்சை ரசம் சுகருக்கு ஆகாது என்பேன்.
தசமபாகத்தைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தேன்,
வக்கீலை அனுப்பிவிட்டு
வாசலுக்கு வெளியே நிற்பவனைப் போல.
படுத்தால் அச்சு இறங்கும்.

போன பெரிய வெள்ளியன்று
புதிதாய் வந்த ஐயர், சின்னப் பையன்,
மும்மணி ஆராதனை, கரண்ட் இல்லை.
குறிப்புத் தாள் பறந்துவிட்டது.
தடுமாறியவர் எதையோ சொல்லி நிரப்பினார்:
ஆணி அடித்தார்களே, அந்தக் கை,
அதே கையால்தான் பிறகு கரையில் மீன் சுட்டார்,
தெரியாது என்று சொன்னவனுக்கும் சேர்த்து.
நெற்றியைத் துடைத்துக்கொண்டு தாளை எடுக்கப் போனார்.
மிச்சம் நான் கேட்கவில்லை.

ஈஸ்டர் காலையில் முழங்காலிட்டுக்
கைகளை நீட்டினேன்.
பத்து விரலும் இருந்தன.
எனக்குத்தான் கூசியது.
ஐயர் அப்பத்தை வைத்துவிட்டு
அடுத்த கைக்கு நகர்ந்தார்.
வானம் திறக்கவில்லை.
கல்யாண் லோக்கலில் நம்மை நசுக்கிய கூட்டம்
தாதரில் மொத்தமாய் இறங்கிவிட்டால்
காலை எங்கே ஊன்றுவதென்று தெரியாமல் நிற்போமே,
அப்படி எழுந்தேன்.

அதற்குப் பிறகுதான் தேடிப் போக முடிந்தது.
குர்லா ஸ்டேஷனுக்கு வெளியே
முட்டை வண்டி வைத்திருந்தான்.
பார்த்ததும் தெரிந்துகொண்டான்.
மூன்று பொய்யையும் வரிசையாகச் சொன்னேன்.
வெங்காயம் நறுக்குவதை அவன் நிறுத்தவில்லை.
நாலு மாசச் சம்பளம் பாக்கி, என்றான்.
கொண்டுபோயிருந்தேன், அதற்கு மேலும்.
எண்ணினான். மேலே இருந்ததையும் எண்ணினான்.
அம்ம போயிட்டா.
சாவுத வரைக்கும் ஒங்களத்தான் ஏசுனா.
சரி என்றேன்.
மன்னிப்பு என்ற சொல் எங்கள் இருவர் வாயிலும் வரவில்லை.

ஒரு ரயில் போயிற்று.
கரியை விசிறினான்.
சாப்ட்டியளா அண்ணாச்சி?
பதிலுக்குக் காத்திராமல் முட்டையை உடைத்தான்,
மூன்று விரலால் பாவ் ஒன்றைப் பிளந்து
சூட்டோடு என் உள்ளங்கையில் வைத்தான்.

ரெண்டு வாய்தான். கண் நிறைந்துவிட்டது.
காரம் சாஸ்தியோ, என்றான்.
ஆமா என்றேன்.

அன்றைக்கு அவனிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான்.
அதுவும் அவனுக்குத் தெரியும்.